குடிக்காத ஒரு ஆள்

“அந்த மாப்பிள்ளை வேண்டாம்னா வேண்டாம்தான். குடிகாரனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்.”

சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திருமானூரில் கரும்பு விவசாயம். பீடி, சாராயம் எதையும் வாழ்நாளில் தொட்டதில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

“அவர் குடிக்கிறவர் இல்லப்பா” என்றாள் மகள் இலக்கியா.

“நீயும்தானே பாத்த? கால் பெருவெரல் வீங்கி, செருப்புகூடப் போட முடியாம நொண்டிக்கிட்டு வந்தான். கேட்டா யூரிக் ஆசிட்டாம். வெள்ளைச்சாமி பாத்ததுமே சொல்லிட்டான், அது குடிக்கிறவனுக்கு வர்ற வியாதின்னு.”

வெள்ளைச்சாமி பக்கத்து வயல்காரர். பெண் பார்க்க வந்த சரத்குமாரின் காலைப் பார்த்துவிட்டு அவர் சிங்காரவேலுவின் காதில் கிசுகிசுத்ததோடு கல்யாணப் பேச்சு நின்றுபோனது.

சரத்குமாருக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சூப்பர்வைசர் வேலை. அன்று இலக்கியாவோடு தனியாகப் பேசியபோது, “எனக்கு இந்தத் தொந்தரவு இருக்குங்க. மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க இஷ்டமில்ல” என்று அவனே சொல்லிவிட்டான். அந்த ஒரு பேச்சிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவளுடைய வேலையே அந்த நோயோடுதான். யூரிக் ஆசிட் யாருக்கு ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதற்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள் இலக்கியா.

“குடியும் ஒரு காரணம்தான்பா. ஆனா அது மட்டும் இல்ல. சிலருக்குப் பரம்பரையா வரும். சிலருக்கு பிரஷர் மாத்திரையால ஏறும். கிட்னி சரியா வெளியேத்தலன்னாலும் ஏறும். வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பாத்தா இன்னும் மோசம்.”

“எழுதி வச்சுப் படிக்க நல்லாருக்கும். குடிக்காத ஒரு ஆளுக்கு அது வந்திருக்குன்னு காட்டு பாப்போம். யாரோ எவரோ வேணாம். எனக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். இவங்க குடிக்க மாட்டாங்கன்னு நானே சத்தியம் பண்ற ஆளா இருக்கணும். காட்டிட்டீன்னா நானே அவங்க வூட்டுக்குப் போயி தேதி கேக்குறேன்.”

“நெசமாத்தானாப்பா?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

அவர் மனைவி மலர்கொடி இருவருக்கும் காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அப்பாவும் மகளும் மல்லுக்கு நிற்கும்போது அவள் நடுவில் வருவதில்லை.

மறுநாள் காலை இலக்கியா அப்பாவை விடாப்பிடியாக அரியலூருக்கு அழைத்துப் போனாள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் பரணிதரன் அவரை உட்காரவைத்துப் பேசினார்.

“குடிக்காதவங்க எங்க ஆராய்ச்சியில நிறைய பேர் இருக்காங்க ஐயா. உங்க ஊர்லயே இருக்காங்க.”

“யாரு? பேரச் சொல்லுங்க சார்.”

“அது மட்டும் முடியாதுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு உறுதி குடுத்துத்தான் ரத்தம் எடுக்குறோம். உங்க பொண்ணும் சொல்லக் கூடாது.”

சிங்காரவேலு வெற்றிச் சிரிப்போடு எழுந்தார்.

“பேரச் சொல்ல முடியலன்னா ஆளே இல்லன்னு அர்த்தம்” என்று பஸ்ஸில் ஏறியதும் சொன்னார்.

“ஆள் இருக்காங்கப்பா. அவங்களே வாயத் தொறந்து சொல்லணும். நானும் கெஞ்சிப் பாத்துட்டேன்.”

“என்ன சொல்றாங்களாம்?”

“பயப்படுறாங்க. தெரிஞ்சா குடிகாரப் பட்டம் கட்டிடுவாங்கன்னு.”

“குடிக்காத ஆளுக்கு என்ன பயம்?”

“என்னைப் பொண்ணு பாக்க வந்தவரும்தான் குடிக்கல. நீங்க நம்புனீங்களா?”

சிங்காரவேலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் விட மாட்டேன்பா” என்றாள் இலக்கியா. குரல் தாழ்ந்திருந்தாலும் உறுதியாக இருந்தது. “எங்கல்யாணத்துக்காக மட்டும் இல்ல. வலிய வெளிய சொல்லாம, ஒழுங்கா வைத்தியமும் பாத்துக்காம அவங்க கெடந்து தவிக்கிறாங்க. அப்படியே விட்டா மூட்டும் போயிடும், கிட்னியும் கெட்டுப்போயிடும். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு, அவங்கள நான் பேச வைப்பேன்.”

“பேச வையி. அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது.”

சொன்னபடியே செய்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தவர், அடுப்படியில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார்.

“தரகருக்குப் போடுறேன். செயங்கொண்டத்துல ஒரு எடம் இருக்குன்னாரு. இவ காட்டுறேன்னு சொன்ன ஆள் வரவே போறதில்ல.”

“வேணாம்ப்பா. இன்னும் ஒரு வாரம் பொறுங்க.”

“ஒரு நாள்கூட முடியாது.”

இலக்கியாவின் கண் கலங்கியது. ஆனாலும் அந்த ஆளின் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. கொடுத்த உறுதியை மீற அவளுக்கு மனமில்லை.

“அந்த போனக் கீழ வைங்க.”

சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். மலர்கொடி சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இவ எத்தனையோ தடவ கெஞ்சிட்டா. நீங்க பேசுற பேச்சுக்குப் பயந்துதான் இத்தன நாளும் வாயத் தொறக்கல” என்றவள், தரையைத் தொட்டுக்கொண்டிருந்த புடவையைக் கணுக்கால் தெரிய உயர்த்தி, சிவந்து வீங்கிப்போயிருந்த பெருவிரலை அவர் முன்னால் நீட்டினாள்.

“இப்பச் சொல்லுங்க, நான் எந்தக் கடையில போயி குடிச்சேன்?”