சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு பிரசவம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வெள்ளெலிக்கு ஒரே நடுக்கம். பொட்டலில் ஆஸ்பத்திரி கட்டப்போகிறவர்கள் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுப் பேசியதையெல்லாம் அது வளைக்குள்ளிருந்து கேட்டிருந்தது. அவர்கள் போனதும், நிறைமாத வயிற்றோடு, ஒரு கோட்டையும் மிதித்துவிடாமல் சுற்றிச் சுற்றி அணிலிடம் போய்ச் சேர்ந்தது.

“சரியாத்தான் கேட்டேன்னு நினைக்கிறேன், தங்கச்சி. இந்தக் கட்டத்துல படுத்தா, தோலைத் தொடாமலே உள்ளே இருக்கிற எலும்பைப் பார்த்துடுவாங்களாம். அந்தக் கட்டத்துல ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ளேயே விடுவாங்களாம்!”

“துணி துவைக்கிற மாதிரியா? நல்லா விடுறாங்க அக்கா கதை,” என்று அணில் வாலை ஆட்டியது.

“சிரிக்காதடி. இதோ, இதுதான் பிரசவ அறை. இங்கே பெத்தா ஒரு பிள்ளைகூடச் சாகாதாம்.” சொல்லும்போதே வெள்ளெலிக்கு மயிர் சிலிர்த்தது. போன ஈற்றில் பிறந்த அத்தனை குட்டிகளையும் பாம்பு விழுங்கியிருந்தது.

“வெறும் கோடுதானே அக்கா. பாம்பு வந்தா?”

வெள்ளெலி கொஞ்சம் யோசித்தது. “அதுக்கும் வச்சிருக்காங்க. அந்தக் கோடியில இருக்கிற கட்டம். அவசர சிகிச்சையாம். எந்நேரமும் திறந்தே இருக்குமாம்.”

அணில் பின்னங்காலில் எழுந்து அந்தக் கோடியை எட்டிப் பார்த்தது.

அன்றைக்கே வெள்ளெலி பிரசவ அறையின் நடுவில் புது வளை தோண்டி, எருக்கம்பஞ்சு பரப்பியது. குட்டிகளோடு தப்பிக்க ஒரு பின்வழியும் தோண்டியது. அதை நேரே அவசர சிகிச்சைக் கட்டத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட்டுத்தான் வந்து படுத்தது.