இரண்டு தட்டினால்

பிற்பகல் வெயில் சமையலறைத் தொட்டிக்கு அடிவரை வந்து, மண்டியிட்டிருக்கும் பிளம்பரின் முதுகில் படுத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக் கேட்கிறார். “நீங்க சொன்ன தட்டுற சத்தம் இதுதாம்மா: சூடு ஏறினா பைப்பு நீளும், கிளாம்புல போய் இடிக்கும். பேய்க்குப் பைப்பு வேலை தெரியாதும்மா.” வீட்டுக்காரி சிரிக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் மாடி வீட்டின் சாவி அவள் கையில்தான் இருக்கிறது. “ஹீட்டரைக் காலையிலயே அணைச்சுட்டேன், அண்ணே.” அவர் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். தண்ணென்று ஆறிக் கிடக்கிறது. மாடிக்குப் போகும் வால்வையும் அவரே இப்போதுதான் மூடினார். டக், டக். குழாயில் யாரோ தட்டுகிறார்கள். யோசிப்பதற்குள் அவர் கை வால்வைத் திறந்துவிடுகிறது. இருபது வருடப் பழக்கம் அது: மேலே வேலை பார்க்கும் மச்சான் இரண்டு தட்டினால் திறக்க வேண்டும், ஒன்று தட்டினால் மூட வேண்டும். தண்ணீர் விறுவிறுவென்று ஏறுகிறது. மாடியில் வெறும் வாளியில் விழும் சத்தம், முதலில் கணகணவென்று, போகப் போகத் தணிந்து, கனத்து. “மேல யாரு அண்ணே?” சாவியை இறுக்கிப் பிடித்தபடி அவள் கேட்கிறாள். “மச்சான் இன்னைக்கு வேலைக்கே வரலையேம்மா...” வாளி விளிம்பு வரை நிறைந்துவிட்டது; சத்தத்திலேயே தெரிகிறது. ஸ்க்ரூடிரைவரின் பிடி வழியாக, அவர் காதுக்கு மட்டும், மெதுவாக ஒரு தட்டு கேட்கிறது.  அவர் கை வால்வை மூடுகிறது.