நிற்காத லாரிகள்

எங்கள் ஸ்காட்லாந்துக் கிராமத்துக் கூட்டத்தில் அன்று வாக்கெடுப்பு. அணுகுண்டு ஏற்றிய ராணுவ லாரிகள் இனியும் ஊர்வழியாகப் போகலாமா, கூடாதா?

கவுன்சிலர் மன்றோ பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சிரித்தார். "குண்டு இருக்கிறதாலதான் எவனும் நம்மளத் தொடல. அதால ஒரு உசிராவது போயிருக்கா?"

"போனா நீங்க வந்து சொல்லிடுவீங்களாக்கும்," என்றாள் கூட்டத்தை நடத்திய தபால்காரி மோரக்.

"என்னை நம்பாதம்மா, இவரை நம்பு." என் தோளைத் தட்டினார். "புதுசா குடிவந்திருக்கிற ரானல்ட். அந்த லாரிகளுக்கு ஆறு வருசம் காவல் போன போலீஸ்காரர். எதுக்காகவும் அதுங்க நடுவழியில நின்னதில்ல. போன மார்ச்சுல மெடல் குடுத்தாங்க. எதுக்குன்னு சொல்லுங்க தம்பி."

"குறுக்கு ரோட்டுல ஒரு ஆம்புலன்ஸ் வந்துச்சு. லாரியெல்லாம் போற வரைக்கும் இருபது நிமிசம் நிறுத்தி வெச்சேன்."

"பாத்தீங்களா. கடமைன்னா இது."

"உள்ள யாருன்னு சாயங்காலம்தான் சொன்னாங்க."

மன்றோவின் பிஸ்கட் ஊறித் தேநீருக்குள் விழுந்தது. "யாரு?"

"நீங்க கேட்ட அந்த ஒரு உசிரு. என் பொண்டாட்டி."

'கூடாது' என்பவர்கள் கை தூக்கலாம் என்றாள் மோரக்.

ஆம்புலன்ஸை நிறுத்திய அதே கையைத் தூக்கினேன்.