நீக்கப்பட்டோர் பதிவேடு

அன்று பொட்கொரிட்சா நகரக் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மலையிலிருந்து நான்கு மணி நேரம் பேருந்தில் வந்திறங்கிய வுகாஷின், அவருடைய மகள் தானிட்சா, மனைவியின் தம்பி மிலுடின், மாணவர் தொண்டுப் பணிகளைக் கவனிக்கும் பேராசிரியை ஒல்கா, பதிவேடுகளை வைத்திருக்கும் எழுத்தர் வெசெலிங்கா. ஆறாவதாக ஓர் ஆள் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வுகாஷின் கறுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றவில்லை. வெசெலிங்கா கொண்டுவந்து வைத்த காபியையும் தொடவில்லை. குறை சொல்லப் போன இடத்தில் குறை தீராமல் காபி குடிக்கும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் கிடையாது.

"குடிங்க ஐயா, ஆறிடும்," என்றாள் வெசெலிங்கா.

"ஆறட்டும். என் மகளை இங்கேருந்து நீக்கிட்டாங்கன்னு எங்க ஊர்க் காபிக்கடையில பேசுறாங்க. உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கடையில பேசினதைத்தான் நான் வந்து சொன்னேன் அத்தான்," என்று முணுமுணுத்தார் மிலுடின்.

"நீ சொன்ன பிறகுதான்டா கடையில பேசினாங்க."

தானிட்சா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே இரத்ததான முகாமுக்கு மேசை போடப் போனவளை, முதுகில் 'தன்னார்வலர்' என்று எழுதிய நீலச் சட்டையோடு அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலையைச் சுவரில் சாய்த்து, யாரோ வேறொருத்தியைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வுகாஷினுக்கும் உடம்பெல்லாம் அலுப்புதான். ஆனால் முப்பத்தோரு வருடம் காட்டிலாகாவில் காவல் பார்த்த முதுகு அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் குடும்பத்தில் படிப்பதற்கென்று மலையை விட்டு இறங்கிய முதல் ஆள் தானிட்சா. அவள் நுழைவுத் தேர்வு எழுதிய அன்று மாலையே ஆட்டை அறுத்து எண்பது பேருக்கு விருந்து வைத்தவர் அவர். தேர்வானவர்கள் பட்டியல் வரட்டுமே என்று மனைவி சொன்னதற்கு, காத்திருந்தால் மகளைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று சொல்லி வாயை அடைத்தார்.

ஒல்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நீக்குறதா? தானிட்சாவையா? நாலு வருஷமா நூலகத்துல புத்தகம் அடுக்குறது இவ. பார்வையில்லாத ஒரு பையனுக்குப் பாடத்தையெல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்குறது இவ. புதுசா வர்ற பிள்ளைங்களை அழைச்சிட்டுப் போய், எந்தப் படிவத்தை எங்க குடுக்கணும்னு காட்டுறது இவ. பாட்டுக்குழு, இத்தாலிய மொழி வகுப்பு, ஒண்ணையும் விட்டு வைக்கலை. நிறையப் பேர் இங்க நாலு வருஷம் இருந்துட்டு காண்டீனுக்குப் போற வழியை மட்டும் தெரிஞ்சிட்டுப் போறாங்க."

"தொண்டெல்லாம் சரி," என்றார் மிலுடின். "வகுப்புக்குப் போறாளா?"

"என் வகுப்புல முதல் வரிசை. போன வாரம் இவ கேட்ட கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்துதான் பதில் சொன்னேன்."

வுகாஷின் கழுத்தை மட்டும் திருப்பினார். "கேட்டியா?"

"கேட்டேன் அத்தான்."

"கடையிலயும் இதே மாதிரி கேட்டேன்னு சொல்லணும். எழுந்து நின்னு சொல்லணும்."

வெசெலிங்கா அலமாரியிலிருந்து நீக்கப்பட்டோர் பதிவேட்டை இறக்கினாள். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, விரலை ஒவ்வொரு பெயர்மேலும் வைத்து இறங்கி வந்தாள்.

"நாலு வருஷத்துல நீக்கினவங்க பதினேழு பேர்," என்றாள் கடைசியில். "உங்க பொண்ணு பேர் இதுல இல்லை ஐயா."

வுகாஷின் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நான்கு மணி நேரப் பயணத்தின் வலி அப்போதுதான் இடுப்பில் இறங்கியது.

"இதை எழுதிக் குடுங்க. நாலாம் வருஷ மாணவி, யாரும் நீக்கலைன்னு. முத்திரை போட்டு. காபிக்கடைக் கதவுல நானே ஒட்டுறேன்."

"எதுக்கு ஐயா அதெல்லாம்? வாயால சொன்னாப் போதாதா?"

"இவன் வாயால போன மானம். இவன் வாயை நம்பி என்னால திரும்பிப் போக முடியாது."

மிலுடின் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒல்கா எழுந்து வந்து தானிட்சாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். வெசெலிங்கா பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

"உன் பதிவெண்ணைச் சொல்லும்மா."

தானிட்சா அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா," என்றார் வுகாஷின். பல வருடங்களுக்குப் பிறகு அவர் குரல் குழைந்திருந்தது. "கடைசிப் பேருந்து போயிடும்."

அவள் சுவரிலிருந்து தலையை எடுத்து அப்பாவை நேராகப் பார்த்தாள். நெடுந்தூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைப்பவளைப்போல மெதுவாகச் சொன்னாள்.

"என்னை யாரும் நீக்கலைப்பா. முதல்ல சேர்க்கவே இல்லை."