மூன்று மெயில்

"நான் போட்ட மூணு மெயிலையும் பிரின்ட் எடுத்துட்டு வரச் சொல்றாங்க நைனா."

"பரிசு குடுப்பாங்களா இருக்கும்" என்று சிங்கவரத்திலிருந்து டிவிஎஸ்ஸில் கூட்டிவந்து, மகள் வேலை பார்க்கும் செஞ்சி ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார் தாண்டவராயன். கலைவாணி புதுச் சுடிதார் போட்டிருந்தாள்.

சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரி உட்காரச் சொன்னார்.

"கம்பெனி சர்வர்ல என்ன ஓட்டைம்மா?"

"எல்லாரும் ஃபைல் பார்க்கிற பக்கத்துல கமென்ட் கட்டம் இருக்குது சார். அதுல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் போட்டா, பக்கத்தைத் திறக்கிறவங்க பேர்லயே அது ஓடுது. அவங்க லாகினே நம்ம கைக்கு வந்துடும்."

"செஞ்சு பார்த்தீங்களா?"

"என் லாகின்ல மட்டும் சார். இல்லன்னா யார் நம்புவாங்க?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மேனேஜர் ராஜாராம் சாருக்கு மூணு தடவை எழுதினேன், பதிலே இல்ல. வேற யார்கிட்டயும் மூச்சு விடல."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"ஓட்டையை எப்ப சார் அடைப்பீங்க?"

"போன வாரமே அடைச்சாச்சு. அது வழியா கஸ்டமர் ஃபைல் பூரா களவு போனப்புறம்."

"ஐயோ! மேனேஜர் சாருக்கு அப்பவே எழுதினேனே!"

"உங்க மெயில் ஒண்ணையும் அவர் திறக்கவே இல்ல. சர்வர்லயே பார்த்துட்டோம்." அதிகாரி பேனாவை மூடினார். "அப்போ, அந்த ஓட்டை தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."