கயிறு பார்த்தாச்சா?

மரத்தில் நாற்பதடி உயரத்தில் அவள் இரண்டு கைகளையும் தொங்கவிட்டாள். தலையையும் தொங்கவிட்டாள். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கீழே கணவர், அவள் அறுத்துப் போட்ட கிளைகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்.

இது மரம் ஏறப் பழக்கிய மாஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒத்திகை. மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், மேலே இருப்பவர் மயங்கியதுபோல் நடிக்க வேண்டும். கீழே இருப்பவர் மரத்தடியில் தயாராக வைத்திருக்கும் சிவப்புப் பையைத் திறந்து, இன்னொரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஏறி வந்து இறக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் இருவரும் ஊரார் வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டினார்கள், வேலிச்செடி கத்தரித்தார்கள். மர வேலை என்றால் மட்டும் வெளியாள் வருவான்.

"குனிஞ்சே பாதி ஆயுசு போச்சு. இனியாவது நிமிர்ந்து பார்ப்போம்டி" என்றவர் அவர்தான்.

பெரிய புல்வெட்டும் மெஷினை விற்றுத்தான் இரண்டு பெல்ட், இரண்டு ஹெல்மெட், கயிறு, கைக்கு அடக்கமான மெஷின் ரம்பம் எல்லாம் வாங்கினார்கள். பத்து நாள் பயிற்சி. அவள் ஒல்லி என்பதால் ஏறும் வேலை அவளுக்கு. இறக்கத் தெரியாதவர் கீழே நிற்கக் கூடாது என்பதால் அவரும் ஏறிப் பழகினார்.

கடைசி நாள் தேர்வில் அவளைத் தோளோடு அணைத்துப் பத்திரமாகத் தரையிறக்கினார். "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் பிடிச்சதில்ல" என்றார். மாஸ்டரே சிரித்துவிட்டார்.

அந்தக் கையை நம்பித்தான் அவள் மரம் ஏறினாள்.

கயிறு விஷயத்தில் மட்டும் மாஸ்டர் சிரித்ததே இல்லை. ஏறுகிறவருக்கு ஏறும் அவசரம் இருக்கும். அதனால் கீழே நிற்பவர்தான் தினமும் காலையில் வெறும் கையால், சாண் சாணாக, கயிறு முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மஞ்சள் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, முதல்ல கேக்குறது இந்தப் புத்தகத்தைத்தான்" என்றார் மாஸ்டர்.

ஏறுவதற்கு முன் தினமும் அவள் கேட்பாள்: "கயிறு பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சும்மா. உன்னைப் பார்க்குறதைவிட அதைத்தான் அதிகமா பார்க்குறேன்."

மர வேலை தொடங்கி இன்றோடு இருபத்திரண்டு நாள்.

கீழே கிளை இழுபடும் சத்தம் நின்றது.

"ஏய்."

அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு.

"ஏய், விளையாடாத. இங்க பாரு!"

பதினொன்றில் அவர் ஓடத் தொடங்கினார். சிவப்புப் பையை நோக்கித்தான். பரவாயில்லையே, மறக்கவில்லை மனுஷன் என்று நினைத்தாள்.

அவர் பையைத் தாண்டிக் குதித்து வண்டிக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் புத்தகம் இருந்தது.

அவளுக்கு நேர் கீழே, அறுத்த கட்டைமேல் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் விரித்தார். எழுதினார்.

இன்றைக்கு மறந்திருப்பார். ஒரு நாள்தானே.

பக்கத்தைத் திருப்பினார். எழுதினார். திருப்பினார். எழுதினார்.

நடுவில் பேனா எழுதவில்லை. உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு முறை அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்த மனம் எப்போது பக்கங்களை எண்ண ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு.

புத்தகம் வண்டிக்குள் போனது. கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் அலறினான்.

"ஐயோ, யாராவது ஓடி வாங்களேன்! என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி!"

நடிப்பில்லை. நிஜமாகவே அழுகிற குரல்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"கயிறு பார்த்தாச்சா?"

தினமும் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள். அவன் கன்னத்தில் கண்ணீரோடு, வாய் பிளந்தபடி நின்றான். பிறகு, பழக்கம்.

"பார்த்தாச்சும்மா" என்றான்.

அவள் வலது கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டாள். தலைக்கு மேலே, கிளையைச் சுற்றிய இடத்திலிருந்து, சாண் சாணாகக் கயிற்றைத் தடவத் தொடங்கினாள்.