மாகெத் பக்கத்துச் சோறு

யாந்தேயின் கை இன்றும் எல்லை தாண்டி வந்தது.

முற்றத்து ஆட்டை விரட்ட மாமியார் தலையைத் திருப்பிய நேரம் பார்த்து, மாகெத்தின் முன்னால் இருந்த மீன்சோற்றில் ஒரு பிடியை அள்ளினாள். வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள்.

மாகெத்துக்கு உடம்பு எரிந்தது.

ஒரே தாம்பாளத்தைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு. தாம்பாளத்தில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. ஆனாலும் அவரவர் முன்னால் இருப்பதுதான் அவரவர் பங்கு. ரூஃபிஸ்க் ஊரில் பேச்சு வராத குழந்தைக்குக்கூட இது தெரியும்.

சாப்பிட வந்திருந்த பக்கத்து வீட்டு தியோர் அக்காவும் பார்த்துவிட்டாள். கை கழுவும் இடத்தில் மாகெத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி கூத்து இது? உன் நாத்தனார் உன் சோத்தையில்ல தின்னுறா!"

"தினமும் இதேதான் அக்கா."

"நோன்பு மாசத்துல அவளுக்குச் சர்க்கரை கொடுக்கிறே. பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறே. போதாதுன்னு சோத்தையும் பிடுங்குறாளா? உன் புருஷன் ஸ்பெயின்ல மாடா உழைக்கிறான், இவ இங்க உக்காந்து உன் பங்கைத் தின்னுட்டிருக்கா!"

"நான் மெதுவாச் சாப்பிடுறேன்ல, அதான் இளப்பம்."

மெதுவாகச் சாப்பிடச் சொன்னது மருத்துவமனை நர்ஸம்மா. மாகெத்துக்கு நாள் முழுக்க நின்றுகொண்டு தலை பின்னும் வேலை. முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தன. எடை குறைந்தால் கத்தி வேண்டாம், குறையாவிட்டால் அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அறுத்தால் பல மாதம் படுக்கை. வேலை போய்விடும்.

"பட்டினி கிடக்காதே" என்றாள் நர்ஸம்மா. "வாயில இருக்கிறது இறங்குற வரைக்கும் கை சும்மா இருக்கட்டும். அடுத்த கவளத்துக்கு முன்னால வயித்தைக் கேளு. போதும்னு அது ரொம்ப மெதுவாத்தான் சொல்லும். நீதான் காத்திருந்து கேக்கணும்."

மாகெத் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். மரவள்ளியின் இனிப்பு, மீனுக்குள் அடைத்த பூண்டு, காந்தலின் மொறுமொறுப்பு என்று ஒவ்வொரு ருசியும் தனித்தனியாக வந்து தன் பெயரைச் சொல்லியது. பாதியிலேயே வயிறு போதும் என்றது. நிறுத்திவிடுவாள். முட்டி வலி குறைந்திருந்தது. அடுத்த தடவை எடை பார்க்கும்போது கத்தி இல்லை என்றே சொல்லப்போகிறார்கள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

முதல் வாரம்தான் ரகளை.

"என் மருமக மெலிஞ்சா ஊரு என்னைத்தானே கேக்கும், சோறு போடலியான்னு!" என்று மாமியார் அழுதாள். நர்ஸ் சொன்னதை எடுத்துச் சொன்னால் காதில் வாங்கவில்லை. மாகெத்தின் அம்மாவுக்கே போன் போட்டு, "உங்க பொண்ணுக்கு என் கைச் சமையல் இறங்கலியாம்" என்றாள். அம்மா பதறிப்போய் மகளைத் திட்டினாள். மறுநாள் மாகெத் கண்ணீரோடு இரண்டு பங்கு சாப்பிட்டாள்.

அப்புறம் எப்படியோ மாமியார் அடங்கிவிட்டாள். தொளதொள அங்கிக்குள் மருமகள் இளைப்பது அவள் கண்ணில் படவில்லை. அத்தைக்கு மனசு இளகிவிட்டது என்று மாகெத் நினைத்துக்கொண்டாள். இனி இந்த நாத்தனார் ஒருத்திதான் மீதி.

"தனித்தட்டு வேணும்னு கேட்டுடு" என்றாள் தியோர் அக்கா.

தனித்தட்டு! அந்தத் தெருவில் அது தனிக்குடித்தனத்துக்குச் சமம். மாகெத் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேட்டுடறேன் அக்கா. இப்பவே."

மாமியார் தாம்பாளத்தின் மேல் குனிந்திருந்தாள். எல்லோரும் எழுந்த பிறகு தினமும் அதுதான் அவள் முதல் வேலை. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று மிச்சச் சோற்றைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"அத்தை, ஒரு விஷயம் பேசணும்."

"இரு மாகெத், இங்க வந்து பாரு. உன் பக்கம் எவ்வளவு பெரிய பள்ளம்! இப்படிச் சாப்பிட்டாத்தானே எனக்கு வயிறு குளிரும்!"

சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "ஏண்டி யாந்தே! உன் பக்கம் மட்டும் வச்ச சோறு வச்சபடி மலை மாதிரி கிடக்கு! என் சமையல் உனக்குக் கசக்குதா? திமிரா?"

"ஆமாம்மா, உப்பு ஜாஸ்தி."

முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. யாந்தே சிரித்துக்கொண்டே நகர்ந்தாள்.

"பேச வந்தியே, என்ன?" என்று மாமியார் மருமகளைக் கேட்டாள்.

மாகெத் அந்த மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. மீன் நல்லா இருந்துச்சு."

மாமியார் மலர்ந்த முகத்தோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாகெத் நாத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் யாந்தே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க மூஞ்சி காட்டிக் கொடுத்துடும். நான் மக, அண்ணி. அம்மா என்னைத் திட்டினா, டீ கொதிக்கிறதுக்குள்ள மறந்துடுவாங்க. உங்களைத் திட்டினா, அது உங்க அம்மா வீடு வரைக்கும் போய் நிக்கும்" என்றாள் யாந்தே, வலித்த முதுகைத் தேய்த்துக்கொண்டே. "நீங்க பாட்டுக்கு மெதுவாச் சாப்பிடுங்க. பள்ளத்தை நான் பாத்துக்கறேன்."